ஈறு கெட்டால் நினைவும் கெடுமா? அப்பத்தாவின் பல்லைப் பிடுங்கலாமா என்று கேட்ட பேரனுக்கு

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பியின் கேள்வி, சுருக்கமாக: அவருடைய அப்பத்தாவுக்கு 76 வயது. கோட்டையூர்ப் பக்கம் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். பகலில் வேலைக்கு ஓர் அக்கா வந்து போகிறார். பதினைந்து வருடமாகச் சர்க்கரை. ஈறில் ரத்தம் வருகிறது, கீழ்வரிசையில் நான்கு பல் ஆடுகிறது. ஆறேழு மாதமாகப் பெயர் சொல்லத் தடுமாறுகிறார், சொன்னதையே திரும்பச் சொல்கிறார். "ஈறில் இருக்கிற கிருமிதான் மூளைக்கு ஏறி மறதியைக் கொண்டுவருகிறது" என்று குடும்ப வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்திருக்கிறது. அதைப் பார்த்த சித்தப்பா, "எல்லாப் பல்லையும் எடுத்துட்டு செட் மாட்டிரலாம்" என்கிறாராம். பல்லை எடுத்தால் மறதி நிற்குமா? ஈறு வைத்தியம் பார்த்தால் குறையுமா?

மறதிக்காக ஒரு பல்லைக்கூட எடுக்க வேண்டாம். ஆடுகிற பல்லில் காப்பாற்ற முடியாதது ஒன்றிரண்டு இருக்கலாம், அதைப் பல் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். ஈறு வைத்தியம் கட்டாயம் பாருங்கள், ஆனால் மறதி போய்விடும் என்று நம்பிப் பார்க்காதீர்கள். அவசரம் என்று ஒன்று இருந்தால் அது மறதிக்கான பரிசோதனைதான். பல் இரண்டு வாரம் பொறுக்கும்.

காரைக்குடியில் இருபது வருடத்துக்கு மேலாக ஈறு வைத்தியம் பார்க்கிறேன். இந்தக் கேள்வி இப்போது மாதத்துக்கு இரண்டு முறையாவது வருகிறது. பெரும்பாலும் வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ, போனில். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஈறு நோய் என்றால் என்ன என்று பார்ப்போம். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் எல்லோருக்கும் உண்டு. எங்களிடம் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். அதை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் மெதுவாக இறக்கி ஆழம் பார்ப்போம். 28 பல் இருந்தால் 168 எண்கள். நான் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதுவார்: "மூணு, ரெண்டு, மூணு... மூணு, ரெண்டு, ரெண்டு..." மூன்றுக்குள் இருந்தால் கவலையில்லை. நான்கு, ஐந்து என்று ஏறினால் ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து பையாகிவிட்டது என்று பொருள். ஆறு, ஏழு என்றால் உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்திருக்கும். வலி இருக்காது. அதுதான் இந்த நோயின் சூது. சொத்தைப் பல் ராத்திரி தூங்கவிடாது, ஆளை நேராக டாக்டரிடம் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஈறு நோயோ பத்து வருடம் சத்தமில்லாமல் அரித்துவிட்டு, பல் ஆடும்போதுதான் தகவல் சொல்லும்.

அந்தப் பைகளின் உட்சுவர் முழுக்கப் புண். முற்றிய நோயாளிக்கு அந்தப் புண்களையெல்லாம் விரித்துப் பரப்பினால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். தீப்பெட்டியின் மேல்முகம் கிட்டத்தட்ட அந்த அளவுதான் இருக்கும். காலில் அந்த அளவுக்குச் சீழ்ப்புண் இருந்தால் அப்பத்தாவை மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பீர்கள். வாய்க்குள் இருப்பதால் கண்ணில் படவில்லை. மெல்லும்போதும் பல் துலக்கும்போதும் அந்தப் புண் வழியாகக் கிருமிகள் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலக்கின்றன. புண்ணை எதிர்த்து உடம்பு சுரக்கும் அழற்சிப் பொருள்களும் கூடவே சுற்றுகின்றன. மூளைக் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

வாட்ஸப் வீடியோவின் மூலம் 2019-இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு. மறதி நோய்களில் முக்கியமான அல்சைமர் நோயோடு இறந்தவர்களின் மூளைத் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். ஈறு நோயின் முக்கியக் கிருமியான போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் சுரக்கும் 'ஜின்ஜிபெய்ன்' என்ற நொதி பத்தில் ஒன்பது மூளைகளுக்கு மேல் இருந்தது. புரதத்தை வெட்டிப் போடுவதுதான் அந்த நொதியின் வேலை. எலிகளின் வாயில் அந்தக் கிருமியை ஆறு வாரம் தடவிப் பார்த்தபோது எலியின் மூளைக்கும் அது போய்ச் சேர்ந்தது, அங்கே அமிலாய்டும் கூடியது. அல்சைமர் மூளையில் படியும் அதே புரதம்தான் அமிலாய்டு.

இந்த ஆய்வுக்கு முன்பே இன்னொரு யோசனை உலவிக்கொண்டிருந்தது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அமெரிக்காவில் ராபர்ட் மோயர், ருடால்ஃப் டான்சி என்ற இருவர், அமிலாய்டு என்பது வெறும் குப்பையா அல்லது அதற்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டார்கள். 2010-இல் சோதனைக் குழாயிலும் 2016-இல் எலி, புழுக்களிலும் செய்து பார்த்ததில், அமிலாய்டு கிருமிகளைச் சுற்றி வலைபோலப் பின்னிச் சிறைப்பிடிப்பது தெரிந்தது. அதாவது மூளை தன்னைக் காத்துக்கொள்ளப் போட்ட வேலியாக அது இருக்கலாம். வேலி போட்டுப் போட்டுக் கடைசியில் வீட்டுக்குள் நடக்கவே இடமில்லாமல் போனால்? இது உண்மையென்று நிறுவப்படவில்லை. ஆனால் இதைப் படித்த பிறகு ஈறு ஆய்வைக் கேட்டவர்களுக்கு இரண்டும் சாவியும் பூட்டும்போலப் பொருந்திவிட்டன. எனக்கும்தான். 2019-இல் நானே இரண்டு மூன்று பேரிடம் கொஞ்சம் உற்சாகமாகப் பேசியிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

வீடியோவில் இந்தக் கதையின் மறுபாதி வராது. அந்த ஆய்வை முன்நின்று நடத்தியது கோர்டெக்ஸைம் என்ற அமெரிக்க மருந்து நிறுவனம். ஜின்ஜிபெய்னை அடக்கும் மாத்திரை ஒன்றை அவர்கள் உருவாக்கியிருந்தார்கள். லேசான, நடுத்தர அளவு அல்சைமர் உள்ள 643 பேரிடம் 48 வாரம் சோதித்தார்கள். 2021 அக்டோபரில் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் நினைவாற்றலிலோ அன்றாட வேலைகளைச் செய்வதிலோ மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. எச்சிலில் அந்தக் கிருமி இருந்தவர்களுக்கு மட்டும் நோய் மெதுவாக நகர்ந்ததுபோல் தெரிந்தது என்று நிறுவனம் சொன்னது. மொத்தக் கணக்கு தோற்றபின் ஒரு பகுதியை மட்டும் காட்டி இதுதான் மருந்து என்று சொல்லிவிட முடியாது, அதற்கென்று தனியாக இன்னொரு சோதனை நடந்தாக வேண்டும். அதற்குள் மாத்திரை சிலருக்குக் கல்லீரலைத் தொந்தரவு செய்ததால், 2022 தொடக்கத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்த மாத்திரையை மேற்கொண்டு சோதிப்பதை நிறுத்திவைத்தது.

அதற்காக ஈறுக்கும் மூளைக்கும் தொடர்பே இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. மறதி முற்றிய பிறகு கிருமியை அடக்கினால் பயனில்லை என்பதற்கும் முப்பது வருடம் முன்பே ஈறைக் கவனித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் நிறைய தூரம். வீடு எரிந்த பிறகு தீக்குச்சியைப் பறிமுதல் செய்தால் வீடு திரும்ப வராது. ஆனால் அந்த மூளைகளில் பார்த்தது தீக்குச்சிதானா, அல்லது கூரை இடிந்தபிறகு உள்ளே நுழைந்த பூனையா என்றும் கேட்க வேண்டும். நோயுற்ற மூளையின் காவல் தளர்ந்துவிடும், எந்தக் கிருமியும் சுலபமாக ஏறும். மறதி நோய் இல்லாமல் இறந்த சிலரின் மூளையிலும் அதே நொதி இருந்தது. இதுதான் நோயின் ஆரம்பம் என்றார்கள் ஆய்வாளர்கள். இருக்கலாம். அது அர்த்தமில்லாத வரவாகவும் இருக்கலாம்.

சரி, பெருங்கூட்டத்தைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2017-இல் தைவானில், நாட்டின் மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து ஒரு கணக்கு வந்தது. ஈறு நோய் வந்து பத்து வருடம் ஆனவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு, அது இல்லாதவர்களைப்போல் 1.7 மடங்கு. 2020-இல் அமெரிக்காவில் எட்டாயிரம் பேருக்கு மேல், சராசரியாக 18 வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில் தொடர்பு இருந்தது, ஆனால் மெலிந்திருந்தது: கடுமையான ஈறு நோய் உள்ளவர்களுக்கு ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதல். மரபணுவை வைத்துக் காரணகாரியம் தேடிய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஈறு நோய்தான் அல்சைமரை உண்டாக்குகிறது என்பதற்கு வலுவான ஆதாரம் தரவில்லை.

"1.7 மடங்கு" என்பதைக் கேட்டதும் கைகால் நடுங்க வேண்டாம். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா (அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்களின் பொதுப்பெயர்) இருப்பதாக 2023-இல் வந்த தேசிய அளவிலான கணக்கு சொல்கிறது. இந்த வயதில் ஈறு நோய் இல்லாத வாயை என் நாற்காலியில் பார்ப்பது அபூர்வம். ஈறு நோய் வந்தவர்களுக்கெல்லாம் மறதி வருவதாக இருந்தால் காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் ஒருவரும் சரியான பஸ் ஏற மாட்டார்கள்.

இந்த ஆய்வுகளில் இன்னொரு சிக்கல், சர்க்கரை, புகையிலை, வறுமை, குறைந்த படிப்பு எல்லாம் ஈறையும் கெடுக்கும் மூளையையும் கெடுக்கும். ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்றால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியிருக்கலாம், அல்லது இரண்டு பேரும் ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்திருக்கலாம். புள்ளிவிவரத்தில் இதையெல்லாம் கழித்துப் பார்ப்பார்கள்தான், முழுசாகக் கழிக்க முடியாது.

இதைவிட எனக்குப் பெரிய பாடம் சொன்னது ஆய்வு இல்லை, ஒரு நோயாளி. பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார். மஞ்சள் பையில் ஒரு குட்டி நோட்டு வைத்திருப்பார். வந்த தேதி, கொடுத்த பணம், அடுத்து வர வேண்டிய தேதி எல்லாம் அவர் கையெழுத்திலேயே இருக்கும். வெற்றிலைப் பழக்கம் உண்டு, புகையிலை இல்லை. ஒருகாலத்தில் நல்ல ஈறு நோயோடு வந்தவர்தான், எட்டு வருடம் ஒழுங்காகப் பராமரித்து எல்லா எண்களையும் மூன்றுக்குள் கொண்டுவந்திருந்தோம். அப்படிப்பட்டவர் ஒரு முறை ஐந்து மாதம் தாமதமாக வந்தார். வாயைத் திறந்தால் முன்பற்கள் மட்டும் பளிச்சென்று இருக்கின்றன, பின்பற்களின் உட்பக்கம் முழுக்க அழுக்குப் படலம். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் தேன்குழல் துண்டு ஒன்று ஊறிப்போய் உட்கார்ந்திருந்தது. அது அங்கே இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "என்ன ஆச்சி, இப்பிடி விட்டுட்டீக?" என்று கடிந்துகொண்டேன். அவர் சிரித்துவிட்டு "வயசாச்சுல்லப்பா" என்றார். கிளம்பும்போது கணக்கைக் கொடுத்துவிட்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்து மறுபடியும் நோட்டுகளை எண்ணத் தொடங்கினார். வரவேற்பில் இருந்த பெண் "குடுத்துட்டீங்க ஆச்சி" என்று சொல்லி அனுப்பிவைத்தார். அன்று சாயங்காலம் அதைச் சொல்லி நாங்கள் சிரித்தோம்கூட.

அடுத்த வருகையில் எண்கள் ஐந்து, ஆறு என்று ஏறியிருந்தன. சர்க்கரை இல்லை, புதிதாக மாத்திரை எதுவும் இல்லை. நான் க்ளீனிங் செய்து, பிரஷ் பிடிக்கும் விதத்தை மறுபடி சொல்லிக் கொடுத்து அனுப்பினேன். ஒன்றரை வருடம் கழித்து மகன் மட்டும் வந்தார், தன் பல்லுக்காக. மதுரையில் ஸ்கேன் எடுத்து அல்சைமர் என்று சொல்லியிருப்பதாகச் சொன்னார். பழைய சீட்டுகளை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். மூன்று, மூன்று, இரண்டு என்று இருந்த கோடு எந்தத் தேதியில் நான்காக மாறியதோ அந்தத் தேதியில்தான் நோட்டும் வரவில்லை. பையில் நோட்டு இல்லாமல் வந்திருக்கிறார், நான் கேட்கவில்லை.

அல்சைமரின் மாற்றங்கள் வெளியே தெரிவதற்கு 15, 20 வருடம் முன்பே மூளையில் தொடங்கிவிடுகின்றன. பல் துலக்குவது சின்ன வேலைபோல் தோன்றும். பேஸ்ட் எடுக்க வேண்டும், மூடி திறக்க வேண்டும், எந்தப் பக்கம் தேய்த்தாயிற்று எந்தப் பக்கம் பாக்கி என்று மனதில் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கு தவறத் தொடங்கினால் முதலில் பின்பற்கள் கெடும். ஆக, ஈறு நோய் உள்ளவர்களுக்குப் பிறகு மறதி வருவதாக ஆய்வில் தெரியும்போது, அதில் ஒரு பகுதி மறதியே முன்கூட்டி ஈறைக் கெடுத்த கணக்காகவும் இருக்கலாம். அம்பு இரண்டு பக்கமும் பாய்கிறது என்றே நான் நினைக்கிறேன். மறதியிலிருந்து வாய்க்கு வரும் அம்பை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன், வாயிலிருந்து மூளைக்குப் போவதைப் பற்றி இன்னும் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது சித்தப்பாவின் யோசனைக்கு வருகிறேன். எல்லாப் பல்லையும் எடுத்தால் ஈறுப் பை இருக்காது, அது சரி. ஆனால் பல் இழந்தவர்களைப் பற்றிய கணக்கும் இருக்கிறது. 2021-இல், 34,074 பேர் அடங்கிய 14 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பல் அதிகம் இழந்தவர்களுக்கு டிமென்ஷியா வாய்ப்பு 1.28 மடங்கு, ஒவ்வொரு பல் கூடுதலாகப் போகும்போதும் 1.1 சதவீதம் ஏறுகிறது. ஆனால் போன பல்லுக்குச் செட் கட்டியவர்களிடம் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை. இதுவும் தொடர்புதான், காரணம் என்று நிரூபித்தது அல்ல. பல்லைக் கூண்டோடு எடுப்பது மூளைக்குப் பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கு மட்டும் இதில் இடமே இல்லை.

காரணம் என்னவாக இருக்கும் என்று யோசிக்க நம் ஊர்ப் பந்தி ஒன்று போதும். பல் போனவர்கள் முதலில் சீப்புச் சீடையையும் மணகோலத்தையும் விடுவார்கள், அதில் நஷ்டம் இல்லை. பிறகு கறியை விடுவார்கள், கீரைத் தண்டை விடுவார்கள், கொய்யாவை விடுவார்கள். கடைசியில் இட்லி, இடியாப்பம், சர்க்கரை போட்ட பால், எப்போதாவது கும்மாயம் என்று நிற்கும். சர்க்கரை நோயாளிக்கு இது என்ன சாப்பாடு? அப்புறம் விசேஷத்துக்குக் கூப்பிட்டால் "நீங்க போயிட்டு வாங்க" என்பார்கள். நாலு பேர் முன்னால் மெல்ல முடியாமல் உட்கார வெட்கம். எதிர்வீட்டு ஆச்சியோடு முகப்பில் உட்கார்ந்து பேசுவதும் குறையும். மூளைக்கு இது நல்லதில்லை என்று சொல்ல ஆய்வுகூட வேண்டாம், ஆனால் ஆய்வும் இருக்கிறது. 'லான்செட்' இதழின் நிபுணர் குழு 2024-இல், டிமென்ஷியாவுக்கு வழிவகுக்கும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியல் போட்டது. தனிமை அதில் ஒன்று. சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, புகை, காது கேளாமை, கண் மங்கல், மனச்சோர்வு, உடல் உழைப்பின்மை எல்லாம் உண்டு. இந்த 14-ஐயும் முழுசாகச் சரிசெய்ய முடிந்தால் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணிப்பு. ஈறு நோய் அந்தப் பட்டியலில் இல்லை. ஈறு டாக்டரான நானே இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு ஆதங்கம். அம்மாவுக்கு லட்ச ரூபாய்க்கு இம்பிளாண்ட் வைக்கத் தயங்காத பிள்ளைகள் காது மெஷின் என்றதும் "அதெல்லாம் அவங்களுக்குச் சரிப்படாது" என்கிறார்கள். பட்டியலில் காது இருக்கிறது, இம்பிளாண்ட் இல்லை.

அப்படியானால் ஈறை எதற்குப் பார்க்க வேண்டும்? உங்கள் அப்பத்தா விஷயத்தில் சர்க்கரைக்காக. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. ஈறு வைத்தியம் செய்தபின் மூன்று, நான்கு மாதத்தில் மூன்றுமாதச் சராசரிச் சர்க்கரையான ஹெச்பிஏ1சி 0.4 அளவுக்கு இறங்குகிறது என்று 2022-இல் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு சொல்கிறது. 8.4 இருந்தது 8 ஆகும். சின்ன எண்போல் தெரியும், ஆனால் கண், சிறுநீரகம், ரத்தக் குழாய், அதன் வழியாக மூளை எல்லாவற்றுக்கும் அது லாபம். ஈறிலிருந்து மூளைக்குப் போகும் பாதைகளில் உறுதியாகத் தெரிந்த பாதை இதுதான். கிருமி ஏறிப் போகிறதோ இல்லையோ, சர்க்கரை போகிறது.

"க்ளீன் பண்ணினா பல் ஆடிரும்" என்று அப்பத்தா சொல்வார். எங்கள் பகுதியில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. அவர் சொல்வதில் ஒரு கண்கூடான உண்மை உண்டு: பல் இடுக்கெல்லாம் காறை கல்லாக இறுகி, ஆடும் பற்களைச் சிமெண்ட் பூசியதுபோல் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் இடுக்கு தெரியும், கூசும், ஆட்டமும் தெரியும். எலும்பு கரைந்தது அதற்கு எத்தனையோ வருடம் முன்பே. இதை நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் செய்துவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது உண்டு.

ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். சிலருக்கு அது ஈறைத் தடிக்கவைத்துப் பல்மேல் ஏறவிடும், அழுக்குச் சேர வசதியாகிவிடும். அப்படியிருந்தால் மாற்று மாத்திரை பற்றி அவருடைய டாக்டரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரினோ வேறு ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ இருந்தாலும் அப்படியே. பல் டாக்டரிடம் முன்கூட்டியே சொன்னால் போதும்.

மறதியின் பக்கம். பொது மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ காட்டுங்கள், வைட்டமின் பி12-உம் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். பதினைந்து வருடச் சர்க்கரை என்றால் மெட்ஃபார்மின் சாப்பிட்டிருக்க வாய்ப்பு அதிகம். நீண்ட நாள் மெட்ஃபார்மின் பி12-ஐக் குறைக்கும். பி12 குறைந்தால் மறதி வரலாம். நாக்கும் சொல்லும்: மேல்பரப்பின் சொரசொரப்புப் போய், வழவழவென்று சிவந்து, காரம் பட்டால் எரியும். செட்டிநாட்டில் ஓர் ஆச்சி திடீரென்று "மொளகாய் ஆகல" என்றால் நான் நாக்கைத்தான் முதலில் பார்ப்பேன். வாய்க்கும் மறதிக்கும் உள்ள தொடர்புகளில் ஊசியும் மாத்திரையும் போட்டுச் சரிசெய்யக் கூடியது இது. கிருமி, நொதி, அமிலாய்டு என்று பேசிக்கொண்டே இதைத் தவறவிட்டால் பரிதாபம். காதும் பார்க்கச் சொல்லுங்கள். சொன்னதைத் திரும்பக் கேட்பது சில சமயம் மறதியே இல்லை, காதில் விழாததுதான். துணை போன துக்கமும் தனிமையும் சேர்ந்து மனச்சோர்வாகி மறதிபோல் முகம் காட்டுவதும் உண்டு.

ஒருவேளை டிமென்ஷியா என்றே முடிவானாலும் வாயைக் கைவிடாதீர்கள். ஆறு மாத இடைவெளியில் இங்கிலாந்தில் நடந்த ஒரு சின்ன ஆய்வில், அல்சைமர் உள்ளவர்களில் ஈறு நோயும் சேர்ந்தவர்கள் வேகமாகச் சரிந்தார்கள். அறுபது பேர் அளவிலான ஆய்வு, அதை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வாய் அழுக்காக இருந்தால் புரையேறி நுரையீரலில் சளிக்காய்ச்சல் வரும் என்பது தெரிந்த விஷயம். பல் வலித்தால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. சாப்பாட்டைத் தள்ளுவார்கள், கோபப்படுவார்கள், கன்னத்தில் அடித்துக்கொள்வார்கள். வீட்டில் "முத்திப்போச்சு" என்று நினைப்பார்கள்.

பகலில் வரும் அக்காவுக்கு நீங்களே வீடியோ காலில் சொல்லிக்கொடுக்கலாம். காலைக் காப்பி முடிந்து மனம் சாந்தமாக இருக்கிற நேரம் பார்க்கச் சொல்லுங்கள். எதிரே நின்று வாயில் பிரஷை விட்டால் பயந்து கடிப்பார்கள். கண்ணாடி முன் நாற்காலி போட்டு, பக்கவாட்டில் நின்று, அவர் கையில் பிரஷைக் கொடுத்து, அந்தக் கைமேல் தன் கையை வைத்து ஓட்ட வேண்டும். கை பழகிய வேலை, பாதியில் தானாக நினைவு வந்துவிடும். குழந்தைப் பிரஷ்போலச் சின்னத் தலை, மெத்தென்ற நார், பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட். ஒரே மூச்சில் முடியாவிட்டால் காலையில் மேல்வரிசை, ராத்திரி கீழ்வரிசை என்றுகூடப் பிரித்துக்கொள்ளலாம். குளியலறை அலமாரியில் பேஸ்ட்டைத் தவிர வேறு ட்யூப் எதுவும் இருக்கக்கூடாது. வலிக்குத் தடவும் களிம்பால் பல் துலக்கி வாய் வெந்துபோய் ஒரு பெரியவரை என்னிடம் கூட்டிவந்திருக்கிறார்கள், அவரோ நடந்ததே நினைவில்லாமல் என்னிடம் உரத்தட்டுப்பாடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

வெற்றிலை போடுபவராக இருந்தால் வெற்றிலைப் பெட்டியை ஒரேயடியாகப் பிடுங்கி ஒளித்துவைக்காதீர்கள், வீடே ரெண்டுபடும். புகையிலையை முதலில் நிறுத்தப் பாருங்கள், பிறகு பாக்கை. பாக்கு தனியாகவே வாய்ப் புற்றுக்கு வழி, அது மறதியைவிட உறுதியான பயம்.

ஆடும் நான்கு பல்லைப் பற்றி எக்ஸ்ரே பார்க்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன். பக்கத்துப் பல்லோடு கட்டி நிறுத்த முடிந்தால் நிறுத்தலாம். எடுத்தே ஆக வேண்டும் என்றால், மறதி லேசாக இருக்கும் இப்போதே எடுத்து இப்போதே செட் பழக்குவது நல்லது. இரண்டு வருடம் கழித்துப் புதிதாகச் செட் மாட்டப் பழகுவது அவருக்கு மலையேறுவதுபோல் ஆகிவிடும். செட் கட்டும்போதே உள்பக்கம் அவர் பெயரைப் பதிக்கச் சொல்லுங்கள், ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடும் பழக்கத்தையும் அன்றே தொடங்குங்கள்.

பொங்கலுக்கு, செவ்வாய்ப் பொங்கல்வரை இருப்பதுபோல் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம், ரத்தப் பரிசோதனையை இந்த மாதமே அந்த அக்காவைத் துணைக்கு வைத்து எடுத்துவிடுங்கள். பல் டாக்டரிடம் போகும்போது அப்பத்தா சாப்பிடும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போகச் சொல்லுங்கள். பீரோவில் பழைய பல் செட் ஏதாவது கிடந்தால், உடைந்திருந்தாலும், அதையும்.